மலையிலிருந்து இறங்கி கல்கிசைப் பக்கம் குடியேறுகிறவர்களுக்கு

ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட், பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது படித்து முடித்து வங்கியிலோ ஐடி கம்பனியிலோ வேலை எடுத்து, கல்யாணமும் ஆன பிறகு தெஹிவளை, கல்கிசை என்று கடலோரமாக வீடு தேடுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அது பணக்கார ஊர். கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே 12 கிலோமீட்டர் போல வரும். 1806இல் ஆங்கிலேய தேசாதிபதி மெயிட்லண்ட் தனக்கு மாளிகை கட்டிக்கொண்ட கரை அது, அந்த மாளிகைதான் இன்றைக்குப் பெரிய ஹோட்டல். நம் ஊர்க் கணக்கை வைத்துக்கொண்டு அங்கே வீடு எடுத்தால் சம்பளம் எந்த வழியாகப் போகிறது என்றே தெரியாமல் போய்விடும். நான் சொல்வது ஒன்றுதான்: கடல் தெரிகிறதா என்று பார்க்காதீர்கள், தண்ணீர், கரண்ட் மீட்டர், கடதாசி, இந்த மூன்றையும் பார்த்து வீடு எடுங்கள்.

முதலில் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். காலி வீதி ஊரை நீளவாக்கில் இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே கடற்கரைப் பக்கம், ரயில் பாதை, ஹோட்டல்கள், மாடி வீடுகள். கிழக்கே உள்பக்கம். கடற்கரைப் பக்கத்தில் வாடகை கூட, அதற்கு மேல் உப்புக் காற்று. ஜன்னல் கம்பி, கேட், ஃப்ரிட்ஜின் அடிப்பாகம், ஏசியின் வெளிப்பெட்டி, இரும்புக் கட்டில் எல்லாம் துருப்பிடிக்கும். மோட்டார் சைக்கிளை வெளியில் நிறுத்தினால் செயினும் போல்ட்டும் சீக்கிரம் சிவந்துவிடும். நல்ல தண்ணீரால் வாராவாரம் கழுவுங்கள், அலுமாரி கட்டில் மரத்தில் வாங்குங்கள். உள்பக்கத்தில் இந்தத் தொல்லை குறைவு, ஸ்டேஷனுக்கும் பஸ்ஸுக்கும் நடந்தே வரலாம், மாலையில் கடலைப் பார்க்க நினைத்தால் பதினைந்து நிமிட நடை. எனக்குக் கேட்டால் உள்பக்கம்தான்.

நம்மவர்கள் அநேகமாக எடுப்பது அனெக்ஸ், அதாவது வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பது அல்ல, கரண்ட் மீட்டர் தனியா என்பதுதான். மின்கட்டணம் அலகு கூடக் கூட விலையும் ஏறுகிற மாதிரி அமைந்தது, மாதம் 60 அலகைத் தாண்டினால் கணக்கிடும் முறையே மாறுகிறது. இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் அவர்கள் வீட்டு ஏசி ஓடுகிற அலகும் உங்கள் ஃபேன் ஓடுகிற அலகும் ஒன்றாகக் கூடி மேல் விலைக்குப் போய்விடும், அதைப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னால் அவர்கள் ஏசிக்கும் சேர்த்துத்தான் நீங்கள் கட்டுகிறீர்கள். தனி மீட்டர் இல்லையென்றால் சப் மீட்டராவது போட்டுத் தரச் சொல்லுங்கள், அலகுக்கு என்ன விலை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

தண்ணீர். நாம் பீலியில் வந்து விழுகிற தண்ணீரில் வளர்ந்தவர்கள், தண்ணீருக்கு அளவு பார்க்கத் தெரியாது. அங்கே குழாய்த் தண்ணீருக்கு மீட்டர் உண்டு, மேல்மாடியில் அழுத்தம் குறைவாக வரும் வீடுகளும் உண்டு, கடலுக்குக் கிட்டக் கிணற்றுத் தண்ணீர் சில வளவுகளில் உவர்க்கும். வீடு பார்க்கப் போகும்போது காலை ஆறு ஏழு மணிக்குப் போங்கள், எல்லாரும் குளிக்கிற அந்த நேரத்தில் மேல்மாடிக் குழாயைத் திறந்து பாருங்கள், டாங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் எந்தக் குழாயிலும் தண்ணீர் வரும்.

கடதாசி என்றேன். ஆறு மாத அட்வான்ஸ், ஒரு வருட அட்வான்ஸ் கேட்பார்கள். பெரிய காசு, பலருக்கு அம்மாவின் நகை. கையெழுத்தில்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும், கடையில் வாங்கிய படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதாது. அட்வான்ஸ் எப்போது திரும்பும், எதற்கெல்லாம் கழிப்பார்கள், வீட்டை விட எத்தனை மாத முன்னறிவித்தல் என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். சாமான் ஏற்றுவதற்கு முன்னால் சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள்.

சரி, வீடு கிடைத்துவிட்டது. இனிப் பழக வேண்டியது சூடு. நுவரெலியாவில் சராசரி 16 பாகை, கரையில் 27, 28, அதுவும் வியர்வை காயாத ஈரச் சூடு. கம்பளியும் ஸ்வெட்டரும் ஊரிலேயே இருக்கட்டும், அங்கே அலுமாரியில் பூசணம்தான் பிடிக்கும். சமையல் கணக்கும் மாறும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும், கரையில் 100. அதனால் பருப்பு, கடலை எல்லாம் அங்கே சீக்கிரம் வேகும். தோசை மாவைத்தான் கவனிக்க வேண்டும். குளிரில் அடுப்படியில் வைத்துக் காத்திருந்து பழகிய கை, பின்னேரமே அரைத்து வைத்தால் விடியும்போது புளித்துப் பொங்கி வழிந்திருக்கும். படுக்கப்போகும் முன் அரைத்தால் போதும். ஊரிலிருந்து கொண்டுபோகிற தேயிலைத் தூளைப் பையோடு வைக்காமல் இறுக்கமான டின்னில் போடுங்கள், ஈரக் காற்று வாசத்தை எடுத்துவிடும். தெஹிவளைக் கரையில் காலையில் வள்ளங்கள் வந்து இறங்கும்போது போனால், ஐஸ் போட்டு மலையேறி வருகிற மீனைத் தின்றவர்களுக்கு மீன் என்றால் என்னவென்று தெரியவரும். தமிழ்க் கடைச் சாமான்களுக்குப் பக்கத்து வெள்ளவத்தை.

நுளம்பை லேசாக எடுக்காதீர்கள். மேல் மலையில் குளிருக்கு டெங்கு குறைவு என்பதால் நம் ஆட்கள் காய்ச்சல் வந்தால் தடிமன் என்று நினைத்துப் படுத்துக்கொள்கிறார்கள். கொழும்பும் அதைச் சுற்றிய ஊர்களும் டெங்கு அதிகமாகப் பதிவாகிற இடங்கள். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் எடுங்கள், அஸ்பிரினும் இபுபுரூஃபனும் வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டும். இரண்டாம் நாளும் காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் போய் இரத்தம் பரிசோதியுங்கள். காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று வேலைக்கு ஓடாதீர்கள், ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்றுவலி, விடாத வாந்தி, பல் முரசில் இரத்தம் கண்டால் நேரே ஆஸ்பத்திரி.

வேலைக்குப் போக காலி வீதியில் 100, 101 பஸ் புறக்கோட்டைக்கு ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் காலையில் வீதி நகராது. ரயில்தான் நல்லது, கல்கிசை, தெஹிவளை இரண்டிலும் ஏறலாம், மாத சீசன் டிக்கெட் எடுத்தால் செலவும் குறைவு. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்தப் பாதை இரட்டைப் பாதை, ஒரு ரயில் போனதும் கடக்காதீர்கள், மறுபக்கத்திலிருந்து இன்னொன்று வரும், கடல் இரைச்சலில் சத்தம் கேட்காது. நம் ஊரில் வளைவுகளில் மெதுவாக வருகிற ரயிலைப் பார்த்துப் பழகியவர்கள் தண்டவாளத்தில் நடப்பதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள்.

கடலும் அப்படித்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்கும், அப்போது காலை நனைப்பதோடு நிறுத்துங்கள். மற்ற மாதங்களிலும் உயிர்காப்பாளர் நிற்கிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வாருங்கள்.

இந்த ஊரில் இன்னொரு வகையிலும் நம்மவர்கள் வாழ்கிறார்கள், பெரிய வீடுகளில் சமைத்து, துடைத்து, அங்கேயே தங்கி. உங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து யாராவது அப்படிப் போவதென்றால் சம்பளத்தையும் லீவு நாளையும் முதலே பேசச் சொல்லுங்கள், அடையாள அட்டையும் போனும் அவர் கையிலேயே இருக்கட்டும். 2021 முதல் வேலைக்கு எடுக்கக்கூடிய மிகக் குறைந்த வயது 16. அதற்குக் கீழே ஒரு பிள்ளை வேலைக்கு நிற்பதைப் பக்கத்து வீட்டில் கண்டால் சிறுவர் பாதுகாப்பு உதவி எண் 1929க்கு அழையுங்கள். நமக்கேன் என்று இருந்துவிடாதீர்கள், அது நம் பிள்ளை.

கடைசியாகப் பதிவு. குடிபோன அந்த வாரத்திலேயே கிராம உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். தமிழ் 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு அரசகரும மொழி, தமிழ்ப் படிவம் தயங்காமல் கேளுங்கள், கூடவே நாலு வார்த்தை சிங்களம் பேசினால் வேலை சுமுகமாக நடக்கும். வாக்காளர் இடாப்பில் ஒருவர் பெயர் ஒரு இடத்தில்தான் இருக்கலாம், ஆகவே யார் பெயரை மாற்றுவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்; தோட்டத்தில் காணியோ வீடோ வரவிருக்கிற குடும்பமாக இருந்தால் அங்கேயே வாழ்கிறவர்களின் பதிவு எந்தக் காரணத்துக்கும் விடுபடக் கூடாது. கல்கிசையில் பிள்ளையை முதலாம் தரத்துக்குச் சேர்க்கும்போது பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறீர்கள், எத்தனை வருடமாக இடாப்பில் பெயர் இருக்கிறது என்று பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள். தமிழ் மொழிமூலம் படிக்க இரத்மலானையில் இந்துக் கல்லூரி இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வயதாக இருக்கும்போதே பெயரைப் பதிந்து, வருடாவருடம் இடாப்புப் பிரதியை வாங்கி, குத்தகை உறுதி, தண்ணீர் பில், கரண்ட் பில்லோடு ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.