உபுண்டு காணவில்லையா? டிஸ்கை அழித்துவிடாதீர்கள்

அப்பாவின் கடைக்கணக்குக்கு விண்டோஸ், பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்புக்கு உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) என ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவியவர்கள் கணினியைத் திறந்ததும், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் உபுண்டு மெனுவைக் காணாமல் பதறுகிறார்கள்.

அந்தப் பதற்றத்தில் உபுண்டுவையும் அழித்து மறுபடி நிறுவுவதுதான் ஆகப் பெரிய தவறு. படிப்புக் கோப்புகள் எல்லாம் அதோடு போய்விடும்! உண்மையில் உபுண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கும் புதிய முறை) கணினிகளில் ஒவ்வொரு இயங்குதளத்தின் பூட் லோடரும் (அதை எழுப்பும் சிறு நிரல்) டிஸ்கின் இஎஃப்ஐ பகிர்வில் (பார்டிஷன்) தனித்தனிக் கோப்புறையில் இருக்கும். விண்டோஸ் தன் பெயரைத் தொடக்க வரிசையில் முதலாவதாக எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். கணினி தொடங்கும்போது எஃப்2 அல்லது டெலிட் விசையை (தயாரிப்பைப் பொறுத்து மாறும்) அழுத்தி, பூட் வரிசையில் உபுண்டுவை மேலே ஏற்றுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

விண்டோஸ் நிறுவும்போது வரும் பகிர்வுப் பட்டியலைக் கவனமாகப் படியுங்கள். ஏறத்தாழ 100 எம்பி அளவில், 'சிஸ்டம்' வகை என்று ஒரு வரி தெரியும். அதுதான் அந்த இஎஃப்ஐ பகிர்வு. வேண்டாத துண்டு என்று நினைத்து அதை அழித்தால், உபுண்டுவின் பூட் லோடரான கிரப்பும் சேர்ந்து அழியும். உபுண்டுவை மறுபடி நிறுவுகிறவர்களும் இதே பகிர்வை ஃபார்மட் செய்யக் கூடாது. செய்தால் விண்டோஸ் எழாது. அப்படி ஆகிவிட்டால் விண்டோஸ் நிறுவல் யூஎஸ்பியில் கட்டளைத் திரையைத் திறந்து 'பிசிடிபூட்' கட்டளையால் மீட்கலாம். யூஇஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் காலத்து 'ஃபிக்ஸ்எம்பிஆர்' கட்டளை இங்கே உதவாது.

கிரப்பை லைவ் யூஎஸ்பியிலிருந்து (நிறுவாமலே உபுண்டுவை இயக்கும் யூஎஸ்பி) மீட்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. அந்த யூஎஸ்பி பழைய லெகசி (பயாஸ்) முறையில் தொடங்கியிருந்தால், கிரப் தவறான இடத்தில் எழுதப்படும். '/சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ' கோப்புறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் யூஇஎஃப்ஐ முறையில் மறுபடி தொடங்குங்கள்.

மெனு வந்தும் அதில் விண்டோஸ் இல்லையா? 2021இல் வெளியான கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. கிரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு 'அப்டேட்-கிரப்' கொடுங்கள்.

எதிலும் கை வைக்கும் முன், விண்டோஸ் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பு மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். சாவி இல்லாவிட்டால் கடைக்கணக்கு பூட்டிய பெட்டிதான். மின்வெட்டு வரக்கூடிய நேரத்தில் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். பூட் லோடர் பாதி எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் போனால் இரண்டு இயங்குதளங்களுமே எழாமல் போகலாம்.

எல்லாம் சரியான பிறகு விண்டோஸ் கடிகாரம் 2 மணி நேரம் பின்தங்கித் தெரிந்தால், அது பூட் லோடரின் கோளாறு அன்று. உபுண்டு உலகப் பொது நேரத்தைக் கணினியின் உள் கடிகாரத்தில் எழுதுகிறது. விண்டோஸ் அதையே தென்னாப்பிரிக்க நேரம் என்று படிக்கிறது. உபுண்டுவில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று கொடுத்தால் போதும்.