கூட்டாளிகள் ஒப்பந்தம்: பிரிவதை முதலில் எழுதுங்கள்

ஒப்பந்தம் எழுத என்னிடம் வரும் கூட்டாளிகளிடம் நான் முதலில் கேட்பது லாபப் பங்கை அல்ல. ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அவர் பங்கை யார், என்ன விலைக்கு வாங்குவது? முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

‘நியாயமான விலை’ என்று மட்டும் எழுதினால் வழக்குதான் மிஞ்சும். மதிப்பிடுபவர் யார், எந்தத் தேதிக் கணக்கு, எத்தனை தவணை என்று எழுதுங்கள்.

சரிபாதிப் பங்கில் இருவரும் முட்டிக்கொண்டால், ஒருவர் விலை சொல்ல, மற்றவர் அதே விலைக்கு விற்கலாம் அல்லது வாங்கலாம் என்று விதி வைக்கலாம். குறைத்துச் சொன்னால் தன் பங்கே கைமாறிவிடும் என்பதால் விலை ஓரளவு நேர்மையாக வரும். கையிருப்பு இல்லாதவருக்கு மட்டும் இது பாதகம். பணம் திரட்ட அவகாசம் கொடுங்கள்.

காசோலைக் கையெழுத்து, கடனுக்குச் சம்மதம் ஆகியவற்றுக்கு ஒரு பத்தி போதும். கையெழுத்துக்கு முன் இருவரும் தனித்தனி வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.