கேள்வி கேட்டும் பதில் கிடைக்காதது ஏன்? நாடாளுமன்றத்தில் குற்றப் புள்ளிவிவரம் கேட்கும்போது நடக்கும் தவறுகள்

2021 ஜூலை 28 அன்று மாநிலங்களவையில் மல்லிகார்ஜுன கார்கேயும் எல். ஹனுமந்தய்யாவும் ஒரு கேள்வி கேட்டார்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் கையால் மலம் அள்ளும் பணியில் எத்தனை பேர் இறந்தார்கள்? சமூக நீதித் துறை இணை அமைச்சர் ராம்தாஸ் அத்வாலே எழுத்தில் தந்த பதில்: அப்படி ஒரு மரணமும் பதிவாகவில்லை. செய்தி வெளியானதும் கண்டனம் கிளம்பியது. சில நாள் கழித்து அதே அமைச்சகம் இன்னொரு பதிலில், சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்யும்போது 941 பேர் இறந்திருப்பதாகக் கணக்குக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுக்குத்தான் முதலிடம்.

அமைச்சர் பச்சைப் பொய் சொல்லிவிட்டார் என்று அன்று பலர் எழுதினார்கள். நடந்தது அதைவிடச் சாமர்த்தியமான காரியம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு வேலைகளைத் தனித்தனியாக வரையறுக்கிறது. சுகாதாரமற்ற கழிப்பிடங்களிலிருந்து மலத்தைக் கையால் அள்ளுவது ஒன்று. பாதுகாப்புக் கருவி தராமல் ஆளைச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்கிவிடுவது இன்னொன்று. அதற்குச் சட்டத்தில் 'அபாயகரமான துப்புரவு' என்று தனிப் பிரிவு இருக்கிறது. விஷவாயு தாக்கி ஆள் சாவது இந்த இரண்டாவதில்தான். கேள்வி முதலாவதைக் கேட்டது, பதிலும் முதலாவதோடு நின்றுகொண்டது.

எம்.பி.க்களுக்குக் கேள்வி எழுதிக் கொடுக்கும் உதவியாளர்கள், இயக்கத் தோழர்கள், பதிலை வைத்துச் செய்தி எழுதும் நிருபர்கள் என எல்லோரும் திரும்பத் திரும்ப விழும் குழி இது. மலக்குழி மரணத்தைக் கேட்க வேண்டும் என்றால் சட்டத்தின் பிரிவைச் சொல்லிக் கேட்க வேண்டும். இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதோடு நிறுத்தவும் கூடாது. எத்தனை சாவுக்கு எஃப்ஐஆர் போடப்பட்டது, அதில் எத்தனை 2013 சட்டத்தின் கீழ், ஒப்பந்தக்காரர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது எத்தனை வழக்கில், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்திய இழப்பீடு எத்தனை குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது? இப்படிக் கேட்டால் 'பதிவாகவில்லை' என்ற ஒற்றை வரியில் தப்பிப்பது கடினம்.

விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் இறங்குவது

மக்களவையில் ஒரு நாளுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் 20 நட்சத்திரக் கேள்விகளும், எழுத்தில் மட்டும் பதில் வரும் 230 நட்சத்திரமற்ற கேள்விகளும்தான் பட்டியலில் ஏறும். ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்கு ஐந்து கேள்விகளுக்கு மேல் நோட்டீஸ் தர முடியாது. பதினைந்து நாள் முன்னதாகத் தர வேண்டும். வந்து குவிவதில் எது மேலே வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. ஒரு கேள்வி 150 சொல்லைத் தாண்டக் கூடாது. அதில் வாதம், ஊகம், கிண்டல் எதுவும் இருக்கக் கூடாது. 'சட்டம் ஒழுங்கு சீர்குலைந்து கிடக்கும் நிலையில்' என்று ஆரம்பித்தால் செயலகமே அடித்துத் திருத்தும், அல்லது தள்ளிவிடும்.

இதில் பலர் கவனிக்காத விதி ஒன்று: எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் ஏற்கெனவே இருக்கும் தகவலைக் கேட்கக் கூடாது. நடைமுறையில் இதை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை என்பதால் நிறைய கேள்விகள் நழுவி உள்ளே வந்துவிடும். ஆனால் கிடைப்பதே ஐந்து வாய்ப்பு. அதில் ஒன்றை, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தரவிறக்கக்கூடிய அட்டவணைக்குச் செலவழிப்பது வீண். சிறைகளை எடுத்துக்கொள்வோம். 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல். இது அச்சிட்டு வெளியான கணக்கு, கேட்க வேண்டியதே இல்லை. கேட்க வேண்டியது இது: 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 479ஆம் பிரிவு, முதல்முறைக் குற்றவாளி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை உள்ளே கழித்திருந்தால் விடுவிக்கச் சொல்கிறது, சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்றும் சொல்கிறது. எத்தனை கண்காணிப்பாளர்கள் எழுதினார்கள்? எத்தனை பேர் வெளியே வந்தார்கள்?

துறை மாறிப் போவதும் அடிக்கடி நடக்கிறது. சிபிஐ உள்துறையின் கீழ் இருப்பதாகவே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது பணியாளர் அமைச்சகத்தில் வருகிறது. அமலாக்கத் துறை நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறைக்குக் கீழே. அமைச்சகத்துக்கு அமைச்சகம் நாள் வேறு (மக்களவையில் உள்துறைக்குச் செவ்வாய்) என்பதால், தவறான கதவைத் தட்டினால் அந்த முறை போயே போச்சு.

'காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது'

உள்துறையின் பதில்களை வரிசையாகப் படித்தால் இந்த வாக்கியம் மனப்பாடமே ஆகிவிடும். அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பொருள், ஆகவே மாநிலங்களே பொறுப்பு. அதோடு பதில் முடியும். எம்.பி. நான்கு பகுதியாகப் பிரித்து (அ), (ஆ), (இ), (ஈ) என்று கேட்டிருப்பார். பதிலில் '(அ) முதல் (ஈ) வரை:' என்று ஒரே தலைப்புப் போட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். எந்தப் பகுதிக்கு விடை வந்தது, எது காணாமல் போனது என்று தேடிப் பார்ப்பது படிப்பவர் பாடு. 'ஆம் எனில் அதன் விவரங்கள் என்ன' என்ற வழக்கமான இரண்டாம் பகுதிதான் முதலில் காணாமல் போகும்.

கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு 2021 ஜூலை 20 அன்று சுகாதார இணை அமைச்சர் பாரதி பிரவீண் பவார் தந்த பதிலும் இதே அச்சுதான். சுகாதாரம் மாநிலப் பொருள். ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை. 'குறிப்பாக' என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு சங்கதி பதுங்கியிருக்கிறது! மாநிலங்களுக்கு அனுப்பிய படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்ததா என்றுதான் அடுத்த கேள்வி எழுந்திருக்க வேண்டும்.

மாநிலப் பொருள் என்ற சுவரில் முட்டிக்கொள்ளாமல், ஒன்றியத்தின் கையில் இருப்பதைக் கேட்க வழி இருக்கிறது. டெல்லி போலீஸ் நேராக உள்துறைக்குக் கீழே வருகிறது. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு போனது, எவ்வளவு செலவானது என்ற கணக்கு ஒன்றியத்திடம் இருக்க வேண்டும். பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கும் போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்ற) வழக்குகளுக்குமாக 2019இல் தொடங்கிய விரைவுச் சிறப்பு நீதிமன்றத் திட்டம் ஒன்றியச் சட்ட அமைச்சகத்தின் திட்டம். பணம் கொடுத்தவன் கணக்கு வைத்திருக்கவில்லை என்று சொன்னால், அதுவே ஒரு செய்தி. தமிழ்நாட்டு காவல்துறையைப் பற்றிய கேள்வி என்றால் இடம் சட்டமன்றம்தான். மானியக் கோரிக்கை நாளில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை முன்கூட்டியே படித்துவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எண் ஏறினால் குற்றம் ஏறியதா?

பதில் வந்த பிறகு நடக்கும் தவறுகள் இன்னும் மோசம். 2019இல் நாட்டில் பதிவான வழக்குகள் 51,56,172. 2020இல் 66,01,285. ஒரே ஆண்டில் 28 சதவீதம் கூடுதல். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆண்டில் குற்றம் இப்படியா பெருகும்? பிரித்துப் பார்த்தால் விஷயம் வெளிவரும். அரசு ஊழியர் பிறப்பித்த உத்தரவை மீறுவது என்ற ஐபிசி (பழைய இந்தியத் தண்டனைச் சட்டம்) 188ஆம் பிரிவில் மட்டும் வழக்குகள் 29,469இலிருந்து 6,12,179ஆகத் தாவியிருக்கின்றன. ஊரடங்கில் வெளியே வந்தவர்கள் மீது போட்ட வழக்குகள் அவை. தமிழ்நாட்டின் எண்ணும் அந்த ஆண்டு இப்படித்தான் ஊதிப்போனது. அதை வைத்து 'குற்றத்தில் தமிழகம் முதலிடம்' என்று மேடையில் பேசியவர்களும் உண்டு.

குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்று ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரித்திருக்கிறது. புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பும் காவல் நிலையம் உள்ள மாநிலம் அட்டவணையில் உத்தமமாகத் தெரியும். புகாரை வாங்கிப் பதியும் கேரளம் குற்ற விகிதத்தில் மேலே நிற்கும். விகிதம் என்பதும் லட்சம் பேருக்கு இத்தனை என்ற கணக்குதான். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால், 2011 கணக்கை வைத்து உத்தேசித்த எண்ணால் வகுக்கிறார்கள். ஒரு வழக்கில் பல குற்றம் இருந்தால் மிகக் கடுமையான ஒன்றை மட்டும் எண்ணுவது காப்பகத்தின் முறை. வீடு புகுந்து நகையைத் திருடிவிட்டு ஆளையும் கொன்றால், அது கொலைக் கணக்கில் ஏறும். திருட்டுக் கணக்கில் வராது.

காலமும் இடறும். 2023ஆம் ஆண்டுக் குற்ற அறிக்கை 2025 செப்டம்பர் கடைசியில்தான் வெளிவந்தது. அதற்கு முன் 'கடந்த ஐந்து ஆண்டுகள்' என்று கேட்ட எல்லோருக்கும் 2022 வரைதான் கிடைத்தது. இனி வரும் ஆண்டுகளில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. 2024 பாதிவரை ஐபிசி, அதன்பின் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ். சங்கிலிப் பறிப்பு இப்போது தனிக் குற்றம், 304ஆம் பிரிவு. பழைய ஐபிசியில் அதற்குத் தனிப் பிரிவு கிடையாது. பழைய பழக்கத்தில் '302 வழக்கு எத்தனை' என்று கேட்டால், மதவுணர்வைப் புண்படுத்தப் பேசிய வழக்குகளின் எண்ணிக்கை வரலாம். கொலைக்கு இப்போது 103.

தண்டனை விகிதம் என்ற வித்தை

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். 2022 ஜூலையில் நிதித்துறை இணை அமைச்சர் பங்கஜ் சௌத்ரி மக்களவையில் தந்த பதில்: பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் அந்த ஆண்டு மார்ச் 31 வரை 5,422 வழக்குகள், 992 வழக்குகளில் குற்றச்சாட்டு மனு, தண்டனை பெற்றவர்கள் 23 பேர். உடனே எதிர்க்கட்சியினர் 23ஐ 5,422ஆல் வகுத்து அரை சதவீதம்கூடத் தேறவில்லை என்றார்கள். மறு ஆண்டு அமலாக்கத் துறை தானே ஒரு கணக்கு வெளியிட்டது. 2023 ஜனவரி வரை 5,906 வழக்குகள். விசாரணை முடிந்தவை 25. அதில் 24இல் தண்டனை. ஆகவே தண்டனை விகிதம் 96 சதவீதம்!

இரண்டு தரப்பும் சொன்ன எண்கள் சரி. எதிர்க்கட்சி ஆட்களின் எண்ணிக்கையை வழக்குகளின் எண்ணிக்கையால் வகுத்தது, இன்னும் நடந்துகொண்டிருக்கும் வழக்கையெல்லாம் தோற்றதாக வைத்துக்கொண்டது. துறையோ, முடிந்த 25ஐ மட்டும் காட்டிவிட்டு மற்றதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆவணக் காப்பகத்தின் தண்டனை விகிதமும் விசாரணை முடிந்த வழக்குகளை வைத்துத்தான் வருகிறது. உபா என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்திலும் இதே கதை: 2016 முதல் 2019 வரை 5,922 பேர் கைது, 132 பேருக்குத் தண்டனை என்று 2021 பிப்ரவரியில் மாநிலங்களவையில் பதில் வந்தது. அந்த 132 பேரும் அந்த 5,922 பேருக்குள் இருப்பவர்கள் என்றே சொல்ல முடியாது. பத்தாண்டுக்கு முன் கைதானவருக்கு 2018இல் தீர்ப்பு வந்திருக்கலாம்.

சரியான கேள்வி ஓர் ஆண்டின் வழக்குகளை மட்டும் பிடித்துக்கொண்டு போகும். 2016இல் பதிவானவை எத்தனை. இன்று அவற்றில் எத்தனை புலன் விசாரணையில், எத்தனை விசாரணை நீதிமன்றத்தில், எத்தனையில் தண்டனை, எத்தனையில் விடுதலை. விடுதலையானவர்கள் சராசரியாக எத்தனை மாதம் உள்ளே இருந்தார்கள். இப்படிக் கேட்டு நான் பார்த்தது குறைவு.

காவல் மரணம்: யாரிடம் கேட்பது?

2021இல் போலீஸ் காவலில் இறந்தவர்கள் 88 பேர் என்கிறது ஆவணக் காப்பகம். தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் கணக்கை வைத்து உள்துறை தந்த பதிலில் 2021-22க்கு 175. ஒன்று ஜனவரி முதல் டிசம்பர், மற்றொன்று ஏப்ரல் முதல் மார்ச். ஒன்று மாநில போலீஸ் அனுப்பியது, மற்றொன்று ஆணையத்துக்கு வந்த தகவலின் பேரில் பதிவானது. ஆண்டு மாற்றம் மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளியைத் தராது. ஒரே கேள்வியில் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டு, வேறுபாட்டுக்கு விளக்கமும் கேட்க வேண்டும்.

'போலீஸ் காவல்' என்று மட்டும் எழுதுவதும் ஆபத்து. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் சித்திரவதைக்கு ஆளான தந்தையும் மகனும் இறந்தபோது, கோவில்பட்டி கிளைச் சிறையில் நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டிருந்தவர்கள். ஊர் உலகமே லாக்கப் மரணம் என்று சொல்லும் சம்பவம், காகிதத்தில் வேறு கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ள இடமிருக்கிறது. ஆகவே இரண்டு காவலையும் கேட்க வேண்டும். காவலுக்கு வந்த எத்தனை நாளில் மரணம் என்பதையும் கேட்க வேண்டும்.

பதிலோடு விட்டுவிடுவது

'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்' என்ற பதிலைப் பார்த்ததும் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். அது அரசு கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இரண்டு அவைகளிலும் இதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. கெடு நீட்டிப்புக் கேட்டு அமைச்சகங்கள் எழுதுவதும், வாக்குறுதியைக் கைவிட அனுமதி கேட்பதும் அந்தக் குழுவின் அறிக்கைகளில் பதிவாகின்றன. அவற்றைப் படிக்கும் நிருபர்கள் அபூர்வம். கேள்வி எண், தேதி, அமைச்சகம் மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தொடரில் அதே எம்.பி.யை அந்த எண்ணைச் சுட்டி மறுபடி கேட்கச் சொல்லலாம். 'இன்ன தேதியில் இன்ன எண் கேள்விக்கு அளித்த உறுதிமொழி என்ன ஆனது' என்று கேட்பதற்கு 150 சொல் வேண்டியதில்லை.