ஃபெல்லோஷிப்ல சேந்துட்டீங்களா? ஊர்க்காரங்களோட சேந்து குளத்துப் பறவைய எண்ணுறது எப்படின்னு பாப்போம்

ஜாயின் பண்ணியாச்சு, ஐடி கார்டு கழுத்துல தொங்குது, கையில குடுத்த ஒர்க் பிளான்ல "உள்ளூர் தன்னார்வலர்களை ஈடுபடுத்துதல்"னு ஒரே ஒரு வரி இருக்கும். அத எப்படி செய்யணும்னு அதுல இருக்காது. நான் திருநெல்வேலிப் பக்கம் ரெண்டு வருஷம் ஒரு ஃபெல்லோஷிப்ல (உதவித்தொகை குடுத்து, குறிப்பிட்ட காலத்துக்கு களத்துல வேலை பாக்க அனுப்புவாங்களே, அது) இருந்தேன், குளத்துப் பறவைங்கதான் வேலை. முத சீசன் முழுக்க சொதப்பல், ரெண்டாவதுலதான் கொஞ்சம் புடிபட்டுச்சு, அத வரிசையா எழுதுறேன். முதலமைச்சரோட பசுமை ஃபெல்லோஷிப்போ வேற எதுவோ, எதுல இருந்தாலும் இது ஒதவும்.

ஏன் பறவை கணக்கெடுப்புன்னா, செலவு கம்மி, எட்டு வயசுப் பிள்ளையில இருந்து எண்பது வயசு ஆச்சி வரைக்கும் செய்யலாம், அதுவும் ஜனவரி மாசம் ஏற்கனவே நடக்குற கணக்கெடுப்புல நீங்களும் போய் சேந்துக்கலாம். ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987ல இருந்து நடக்குது. நம்ம தாமிரபரணி பக்கம் 2011ல இருந்து மணிமுத்தாறுல இருக்குற, ஏட்ரீங்கிற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனத்தோட அகத்தியமலை மையம் வருஷா வருஷம் குளம் குளமா ஆள் அனுப்பி எண்ணுது. பொங்கல் லீவுல பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வேற. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு குளம் நெறஞ்சிருக்கும், வடக்கேருந்து வந்த வாத்தெல்லாம் இன்னும் திரும்பிப் போயிருக்காது, அதான் ஜனவரி.

முதல் படி: ஒரே ஒரு குளம்

பத்து குளம் லிஸ்ட் போடாதீங்க. பஸ்ஸுல போய் எறங்குற தூரத்துல ஒண்ணு போதும். பெருசா, பேர் போன குளமா இருக்கணும்னு இல்ல. அக்டோபர்லயே போக ஆரம்பிச்சிருங்க, காலையில ஒரு நாள், சாயங்காலம் ஒரு நாள், தனியாவே. மடை எங்க இருக்கு, மறுகால் எங்க பாயுது, எந்தக் கரையில நடக்கலாம், எங்க நாய் தொரத்தும், எல்லாம் தெரிஞ்சிருக்கணும். டீக்கடை எத்தன மணிக்கு தொறக்குதுன்னும் பாத்துக்கோங்க, இது ரொம்ப முக்கியம்.

ரெண்டாவது படி: ஆள் தேடாதீங்க, ஏற்கனவே இருக்குற ஆளப் பாருங்க

நான் பண்ண பெரிய தப்பு இதுதான். அழகா ஒரு போஸ்டர் டிசைன் பண்ணி, கூகுள் ஃபார்ம் லிங்க் போட்டு, டவுன்ல இருக்குற காலேஜ் குரூப்புகள்ல தட்டி விட்டேன். 43 பேர் ஃபில் பண்ணாங்க. கணக்கெடுப்பு அன்னைக்கு காலையில வந்தது 4 பேரு, அதுல ரெண்டு பேர் எட்டரைக்கு வந்தாங்க, ஒருத்தர் ரீல்ஸ் எடுத்துட்டு போயிட்டாரு. நான் கரையில முழிச்சிக்கிட்டு நிக்கும்போது ஆடு மேச்சிக்கிட்டு வந்த ஒரு ஆச்சி, "ஏம்மா, பறவையா பாக்குத? அந்த கருவேலத்துக்குப் பின்னால போய்ப் பாரு, அங்கதான் கெடக்கும்"னாங்க. போய்ப் பாத்தா அரிவாள் மூக்கன் கூட்டம் கூட்டமா. நான் மூணு மாசமா அந்தப் பக்கமே போகல!

அதனால குளத்த தினமும் பாக்குறவங்க யாருன்னு மொத எழுதுங்க. மடை தொறக்குற நீர்ப்பாய்ச்சி, ஆடு மாடு மேய்க்கிறவங்க, துணி தொவைக்க வர்றவங்க, தூண்டில் போடுற பசங்க, மீன் குத்தகை எடுத்தவரு. இவங்கள்ல அஞ்சு பேர் கிட்ட பேசுனா போதும், ஆனா நோட்டீஸ் குடுத்து பேசாதீங்க, "இந்தப் பறவைக்கு இங்க என்ன பேரு"ன்னு கேளுங்க. பேர் சொல்ல ஆரம்பிச்சா நிக்க மாட்டாங்க. நத்தைக்குத்தி, முக்குளிப்பான், பாம்புத்தாரா, குருட்டுக்கொக்குன்னு வரிசையா வரும். எங்க நீர்ப்பாய்ச்சி அண்ணாச்சி, "மடையில நிக்கும்லா, அதான் மடையான்"னு சொல்லிட்டு என்னைய ஒரு பார்வ பாத்தாரு, இது கூட தெரியாதான்னு. அந்தப் பேரெல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்கோங்க, பின்னால ட்ரெய்னிங்குக்கு இதுதான் புத்தகம்.

மீன் குத்தகைக்காரர ஒதுக்கிராதீங்க. அவருக்கு பறவன்னா நஷ்டம், சில குளத்துல வெடி போட்டு வெரட்டுறாங்க. "பறவைய காப்பாத்துங்க"ன்னு போய் நின்னா கத முடிஞ்சுது. அவரையும் எண்ணக் கூப்புடுங்க. எண்ணும்போதுதான் தெரியும், நத்தைக்குத்தி தின்னுறது நத்தைய, நாமக்கோழியும் பாதி வாத்துங்களும் பெரும்பாலும் பாசி, செடி, விதைன்னு மேயுற கூட்டம், நெறைய மீன் திங்கிறது நீர்க்காகம், கூழைக்கடா மாதிரி சிலதுதான். இத நீங்க சொல்றத விட அவரே பாத்துட்டு சொன்னா எடுபடும். எங்காளு முழுசா மாறல, ஆனா அந்த ஜனவரி வெடி போடல.

"பறவ வந்தா எங்களுக்கு என்ன"ன்னு கட்டாயம் ஒருத்தர் கேப்பாரு. திருநெல்வேலி மாவட்டத்துல இருக்குற கூந்தன்குளத்த சொல்லுங்க. 1994ல சரணாலயம் ஆச்சு, 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல வந்துச்சு, ஆனா அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே அந்த ஊர்க்காரங்க தீவாளிக்கு வெடி போடாம பறவைய பாத்துக்கிட்டாங்க, எச்சம் கலந்த வண்டல வயலுக்கு ஒரமா அள்ளுனாங்க. சொல்லிட்டு நிறுத்திருங்க. உங்க ஊரும் அப்படி ஆயிரும், டூரிஸ்ட் வருவாங்கன்னு வாக்கு குடுக்காதீங்க.

மூணாவது படி: பர்மிஷன்

பஞ்சாயத்து தலைவர், நீர்வளத்துறை ஆபீஸ், வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ், மூணு பேருக்கும் ஒரு பக்க லெட்டர். ஸ்கூல் பிள்ளைங்க வந்தா ஹெச்எம் லெட்டர், வீட்டுல கையெழுத்து. ட்ரோன் வேண்டாம்.

நாலாவது படி: ரெண்டு மணி நேர ட்ரெய்னிங்

பவர்பாயிண்ட் எடுத்துட்டு போகாதீங்க, மத்தியானம் கரண்ட் போயிரும். 12 பறவை மட்டும் சொல்லிக் குடுங்க, அந்தக் குளத்துல வர்ற 12. மீதிய "தெரியாத வாத்து", "சின்ன உள்ளான்"னு எழுதச் சொல்லுங்க. தெரியாதுன்னு எழுதுனா தப்பு இல்லன்னு பத்து தடவ சொல்லணும், பிள்ளைங்க மார்க் போயிரும்னு நெனச்சு எதாவது பேர அடிச்சு விட்டுரும்.

எண்ணுறதுக்கு பொட்டுக்கடலை போதும். கருப்புத் துணி விரிச்சு ஒரு கைப்பிடி எறிங்க, பத்து செகண்ட் காட்டிட்டு மூடிருங்க, எல்லாரும் நம்பர் எழுதணும். எங்க மொத ரவுண்டுல இருந்தது 180, எழுதுன நம்பர் 60ல இருந்து 500 வரைக்கும் போச்சு. அப்புறம் சொல்லுங்க: மொத 10 கடலைய ஒண்ணொண்ணா எண்ணு, அந்தப் பத்து எவ்ளோ எடம் அடைக்குதுன்னு கண்ணுல புடி, அந்த அளவு துணி முழுக்க எத்தன தடவ வருதுன்னு பாரு. நாலஞ்சு ரவுண்டுல நம்பர் கிட்ட வந்துரும். கடசியில கடலைய தின்னுறலாம்.

பைனாகுலர் 8x42 நல்லது. 8ங்கிறது எத்தன மடங்கு பெருசா தெரியும்ங்கிறது, 42ங்கிறது முன் கண்ணாடியோட அகலம் மில்லிமீட்டர்ல. நாலு பேருக்கு ஒண்ணு போதும். பெரிய மடங்கு வாங்கினா கை நடுக்கத்துல படமே ஆடும்.

அஞ்சாவது படி: அந்த நாள்

காலை 6 மணிக்கு கரையில இருக்கணும், 9 மணிக்குள்ள முடிச்சிரணும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்குற மாதிரி நில்லுங்க, எதுக்க இருந்தா எல்லா பறவையும் கருப்புதான். நாலு நாலு பேரா பிரிங்க, ஒருத்தர் பாக்க, ஒருத்தர் எழுத, மத்த ரெண்டு பேர் பறந்து போறத கவனிக்க. ரெண்டு டீம் ஒரே கூட்டத்த எண்ணாம இருக்க குளத்த மரத்தையோ மடையையோ அடையாளம் வச்சு பிரிச்சிருங்க. கூட்டம் எந்திரிச்சு பக்கத்து டீம் பக்கம் போனா போன் போட்டு சொல்லிரணும்.

வெள்ளச் சட்டை வேண்டாம். கூடு இருந்தா கிட்ட போகாதீங்க, தாய்ப் பறவ எந்திரிச்சா காக்கா முட்டைய தூக்கிரும்.

பெண்கள் வர்றாங்கன்னா பாத்ரூமுக்கு பக்கத்து வீட்டுல முன்னாடியே பேசி வைங்க. இத யாரும் ஒர்க் பிளான்ல எழுத மாட்டாங்க, ஆனா இது இல்லன்னா அடுத்த வருஷம் அவங்க வர மாட்டாங்க. சாப்பாடு இட்லி சாம்பார், ஊருக்குள்ளயே சொல்லி வாங்குங்க, காச அன்னைக்கே குடுத்துருங்க.

ஆறாவது படி: கணக்க ஏத்துறது

மொத பேப்பர், அப்புறம்தான் போன். அன்னைக்கு மத்தியானமே எல்லாரும் உக்காந்து இபேர்டுல (பாத்த பறவைய பதிவு பண்ணுற ஆப்) ஏத்திருங்க, நேரம், நடந்த தூரம், பாத்த எல்லாத்தையும் எழுதியாச்சான்னு அது கேக்கும், சரியா போடுங்க. நம்பர் சந்தேகமா இருந்தா அந்த டீம் கிட்டயே கேளுங்க, நீங்களா மாத்தாதீங்க. ஒரு பையன் பட்டைத்தலை வாத்து 900னு எழுதியிருந்தான், கேட்டா 90க்கு ஒரு சைபர் கூட விழுந்திருக்கு.

ஏழாவது படி: ஊருக்கே திருப்பிக் குடுங்க

ரிப்போர்ட்ட உங்க ஆபீசுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஊர்ல சொல்லணும். ஜனவரி 26 கிராம சபை இருக்குல்ல, அதுக்கு பத்து நாள் முன்னாடி எண்ணி முடிச்சீங்கன்னா சரியா இருக்கும். அங்க பேச அஞ்சு நிமிஷம் கேட்டு வாங்குங்க, ஆனா நீங்க பேசாதீங்க, எண்ணுனவங்கள பேச விடுங்க. எங்க ஊர்ல ஏழாங்கிளாஸ் பிள்ள ஒருத்தி பேப்பர பாத்து வாசிச்சா, நடுவுல ஒரு பெரியவரு "போன வருஷம் இதுக்கு மேல வந்துச்சே"ன்னு எந்திரிச்சு, அங்கயே கருவேல மரம் ஏலத்துல வெட்டுனத பத்தி அர மணி நேரம் சண்ட. நான் ஒரு வார்த்த பேசல. தலைவருக்கு மட்டும் என் மேல கொஞ்சம் கோவம்.

எட்டாவது படி: நீங்க கெளம்பும்போது

உங்க காண்ட்ராக்ட் முடியுற தேதி உங்களுக்கு முன்னாடியே தெரியும், அதனால ரெண்டாவது ஜனவரியில நீங்க எதையும் நடத்தாதீங்க, கூட நில்லுங்க. லெட்டர் எழுதுறது, டீம் பிரிக்கிறது, இபேர்டு அக்கவுண்ட், இட்லி ஆர்டர், எல்லாம் ஊர்ல இருக்குற ரெண்டு பேர் கையில போயிருக்கணும். ரெண்டு பேர், ஒருத்தர் இல்ல, ஒருத்தருக்கு கல்யாணமாகி வெளியூர் போயிட்டா மொத்தமும் போச்சு. பைனாகுலர ஸ்கூல் பீரோவுல வைங்க, சாவி ரெண்டு. வாட்ஸப் குரூப்ப விட்டு வெளியேறாதீங்க, ஆனா யாராவது மங்கலா ஒரு போட்டோ போட்டு "இது என்ன பறவ"ன்னு கேட்டா உடனே பதில் தட்டாதீங்க. ரெண்டு மணி நேரம் பொறுங்க, அங்கேருந்தே யாராவது சொல்லிருவாங்க.