பின் டயரை வீட்டில் மாற்றும்போது டியூபைக் கடிக்க விடாதீர்கள்

பழைய ஸ்ப்ளெண்டர் மாதிரி ஸ்போக் ரிம்மும் டியூபும் உள்ள வண்டி என்றால் பின் டயரை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். சென்டர் ஸ்டாண்ட், ஸ்பேனர் செட், டயரை நெம்பி எடுக்க இரண்டு டயர் லீவர், கை பம்பு, ஒரு குவளை சோப்புத் தண்ணீர் போதும். டியூப்லெஸ் டயர் என்றால் பேசாமல் கடைக்குப் போய்விடுங்கள். கஷ்டப்பட்டுக் கழற்றிவிட்டாலும், புது டயரை ரிம்மில் உட்கார வைக்க கை பம்பின் காற்று போதாது.

முதல் தவறு டயர் வாங்கும்போதே நடந்துவிடுகிறது. ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸில் முன்னும் பின்னும் 80/100-18 தான். அளவு ஒன்றுதானே என்று முன் டயரைப் பின்னால் போட்டுவிடுபவர்கள் உண்டு. அளவை அடுத்து வரும் எண்ணையும் பாருங்கள். முன் டயரில் 47, பின் டயரில் 54 இருக்கும். 47 என்றால் அந்த டயர் 175 கிலோ தாங்கும், 54 என்றால் 212 கிலோ. பின்னால் ஆளையும் ஏற்றி அரிசி மூட்டையும் வைக்கும் வண்டிக்கு இந்த வித்தியாசம் சின்னது இல்லை. டயர் ஓரத்தில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32வது வாரம் செய்தது. ரொம்பப் பழைய சரக்கு என்றால் வேறு கேளுங்கள்.

வீலைக் கழற்றும்போது செயின் பக்கம் பெரிய நட்டு ஒன்று தெரியும். ஆர்வத்தில் அதையும் சுற்றிவிடாதீர்கள். அது செயின் ஓடும் பல்சக்கரத்தை, அதாவது ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும் நட்டு. வீலின் நடுவே போகும் கம்பிதான் ஆக்சில்; அதன் நட்டை மட்டும் கழற்றி ஆக்சிலை உருவினால் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் வண்டியிலேயே நிற்கும், வீல் மட்டும் தனியாக வரும். அப்போது ஆக்சிலில் இடைவெளி காக்கும் ஸ்பேசர் உருண்டு போகும், வீலுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் கப்ளிங் ரப்பர் கழன்று விழும். எது எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இனி டியூப். முதல் தடவை நான் டயரை மாட்டி, வியர்த்து வழிய பம்பு அடித்து முடித்ததும் 'உஸ்' என்று ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால் புது டியூபில் பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. தெருமுனை பஞ்சர் கடை அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, எதிர்ப்பக்கம் மிதிச்சியா?"

நான் மிதிக்கவில்லை. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே டயரின் விளிம்பை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்தில் இறக்கினால்தான் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். அது தெரியாமல் பலத்தைக் காட்டினால் லீவரின் நுனிக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மாட்டிக்கொள்ளும். லீவர் நிமிர மறுத்தால் எதிர்ப்பக்கம் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போது அழுத்தாதீர்கள், போய் மறுபடி மிதியுங்கள்.

டியூபை உள்ளே விடும்போது உருண்டு நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று வேண்டும். சப்பையாக விட்டால் மடிந்து லீவருக்கு அடியில் வரும். டயரின் விளிம்பை ரிம்முக்குள் ஏற்றுவதை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். முடிக்குமுன் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளிவிடுங்கள். வழவழப்புக்கு சோப்புத் தண்ணீர்தான், என்ஜின் ஆயில் வேண்டாம், அது ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பழைய டியூபையே போட்டு காசு மிச்சம் பிடிப்பதும் வேண்டாம். விரிந்துபோன டியூப் புது டயருக்குள் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பிலேயே கிழியும். ஸ்போக் முனைகளை மூடும் ரிம் டேப் நைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். டயரில் அம்புக்குறி இருந்தால் வீல் உருளும் திசைக்கே அது பார்க்க வேண்டும். இதை முடித்த பிறகு கவனித்தால் வாயில் வரும் வார்த்தையை இங்கே எழுத முடியாது.

காற்று அடித்ததும் டயரின் இரண்டு பக்கமும் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, திரும்ப அடியுங்கள்.

வீலை மாட்டியபின் பலர் மறப்பது பிரேக் தட்டை, பின் வீலைத் தாங்கும் ஃபோர்க்கோடு பிணைக்கும் கம்பியை. அதன் போல்ட்டும், நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னும் இல்லாமல் பிரேக்கை மிதித்தால் தட்டே வீலோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும், பிரேக் ராடு வளைந்து வீல் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆக்சில் நட்டைவிட இதைத்தான் நான் இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பேன். அப்புறம் வண்டியை ஸ்டாண்டில் வைத்தபடியே வீலைச் சுற்றிவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். புது டயரின் மேல்பூச்சு போகும்வரை, முதல் 100 கிலோமீட்டருக்கு, மழை ஈரத்திலும் வளைவிலும் வண்டியைச் சாய்க்காமல் ஓட்டுங்கள்.