பிளான்ட் ஹெட் தேடித் தர சரியான கன்சல்டன்சியைப் பிடிப்பது எப்படி?

கோவை அரசூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஃபவுண்டரி, அதாவது உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலை, இருக்கிறது. ஆலை முழுவதையும் பார்த்துக்கொண்டு 22 வருடம் கூடவே இருந்த பிளான்ட் ஹெட் ஓய்வு பெற்றதும், அந்த இடத்துக்கு ஆள் பிடிக்க எங்களுக்கு ஒன்பது மாதம் ஆனது. அதில் நான்கு மாதம், கன்சல்டன்சியைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததால் வீணானது. இரண்டாவது முறை எப்படிச் செய்தேன் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். சூப்பர்வைசர், அக்கவுண்டன்ட் வேலைகளுக்கு இவ்வளவு தேவையில்லை. நௌக்ரி மாதிரி வேலைவாய்ப்புத் தளத்தில் போட்டாலே ஆள் வருவார்கள்.

1. ஒரு பக்கம் எழுதுங்கள்

படிப்பு, அனுபவம் எல்லாம் அப்புறம். வருகிறவர் முதல் 12 மாதத்தில் என்ன முடித்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். எங்களுக்கு அது இரண்டே வரி: ரிஜெக்‌ஷனை, அதாவது குறையால் கழிபடும் வார்ப்புகளைக் குறைப்பது, வார்ப்பு அச்சு செய்யும் புது மோல்டிங் லைனை ஓட்டத்துக்குக் கொண்டுவருவது.

2. கட்டணம் எப்படி என்று புரிந்துகொள்ளுங்கள்

இரண்டு வகை உண்டு. ஆள் சேர்ந்தால் மட்டும் பணம் என்பது ஒன்று. இதில் நம்மூரில் அதிகம் கேட்கும் கணக்கு ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். பெரிய பதவிக்கு இன்னும் கூடும். இன்னொன்று ரிடெய்னர், அதாவது ஆள் கிடைக்கும் முன்பே பணம் கட்டத் தொடங்குவது. முதல் வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கேட்பார்கள். மூன்று தவணையாக, முதல் தவணை, அவர்கள் தேடத் தொடங்கும்போதே. 60 லட்சம் சம்பளத்துக்கு 30 சதவீதம் என்றால் 18 லட்சம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3.24 லட்சம்.

தொகை பெரிதுதான். ஆனாலும் இந்த மாதிரிப் பதவிக்கு ரிடெய்னர்தான் என் தேர்வு. நமக்குத் தேவையான ஆள் வேலை தேடிக்கொண்டிருக்க மாட்டார். அவரைத் தேடிப்போய்ப் பேச வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். ஒரே வேலையை மூன்று கன்சல்டன்சியிடம் கொடுப்பதையும் தவிருங்கள். ஒரே ஆளுக்கு மூன்று பக்கமிருந்து போன் போனால் நம் கம்பெனியின் மதிப்புதான் குறையும்.

முடிந்தால் சதவீதத்தை விட்டுவிட்டு ஒரு நிலையான தொகை பேசுங்கள். சம்பளம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்ற நிலை இருக்கக் கூடாது. ஈகான் ஸெண்டர் போன்ற உலக அளவிலான நிறுவனமே நிலையான கட்டணம் வாங்குகிறது. அதனால் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

3. யாரைக் கூப்பிட முடியாது என்று கேளுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பிடித்தது பெரிய பெயருள்ள கன்சல்டன்சி. நான்கு மாதத்தில் 11 பயோடேட்டா அனுப்பினார்கள். ராஜ்கோட், கோலாப்பூர், பெலகாவி என்று எல்லாமே வெளியூர். மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்த அப்பா, "ஏன், நம்ம ஊர்ல ஒருத்தர்கூடவா இல்லை?" என்று கேட்டார். போன் போட்டேன். "சார், கோவையிலயும் சென்னையிலயும் நீங்க சொல்ற கம்பெனி நாலும் எங்க கிளையன்ட். அங்கே கை வைக்க முடியாது" என்றார்கள். முதல் தவணை திரும்பி வரவில்லை.

இதற்குப் பெயர் ஆஃப் லிமிட்ஸ். தன் வாடிக்கையாளரிடமிருந்து ஆளை எடுக்கக் கூடாது என்ற விதி, பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு. விதி நியாயமானதுதான், நம் ஆட்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆனால் கன்சல்டன்சி பெரிதாக ஆக, கூப்பிட முடியாத கம்பெனிகளும் கூடும். பம்ப், காஸ்டிங் மாதிரிச் சின்ன வட்டத்தில் நாலு பெயர் போனாலே பாதிப் பேர் போய்விடுகிறார்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். எந்தக் கம்பெனிகளிலிருந்து ஆள் வந்தால் நல்லது என்று 12 பெயர் எழுதி, முதல் சந்திப்பிலேயே நீட்டுங்கள். கூப்பிட முடியாதவற்றுக்கு எதிரே டிக் போடச் சொல்லுங்கள். மூன்றுக்கு மேல் டிக் விழுந்தால் வேறு கன்சல்டன்சியைப் பாருங்கள். தடை ஒரு யூனிட்டுக்கா, மொத்தக் குழுமத்துக்கா என்றும் கேளுங்கள். அந்தத் தாளையே ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.

4. போன் செய்யப்போவது யார்?

வந்து பேசுகிற பார்ட்னர் ஒருவர், தேடுகிறவர் வேறொருவர் என்பது சாதாரணம். பழைய வாடிக்கையாளர் மூன்று பேரின் நம்பர் வாங்கி நீங்களே பேசுங்கள். மெயிலில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். நான் பேசிய ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, அவரு ஒருக்காத்தானுங்க வந்தாரு. அப்புறம் பூராவும் ஒரு பொண்ணுதான் பேசுச்சு. அந்தப் பொண்ணுக்கு ஃபவுண்டரின்னா என்னன்னே தெரியல." அந்த கன்சல்டன்சியை அதோடு விட்டேன். கடைசியில் எடுத்தது மூன்றே பேர் உள்ள சின்ன நிறுவனம். தேடியவரே இன்டர்வியூவுக்கும் வந்து உட்கார்ந்தார்.

வாரம் ஒரு முறை அரைமணி நேரம் போன், கூடவே ஒரு கூகுள் ஷீட்: யாரிடம் பேசினார்கள், அவர் ஏன் மறுத்தார். இதைக் கட்டாயமாக்குங்கள். சம்பளம் பற்றியும் நம் கம்பெனியின் பெயர் பற்றியும் வெளியே என்ன நினைக்கிறார்கள் என்பது அந்த 'ஏன்' பத்தியில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பிற்சேர்க்கை: திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: ஆஃபர் வாங்கியவர் 90 நாள் நோட்டீஸ் காலத்தில், பழைய கம்பெனி சம்பளம் கூட்டிக் கொடுத்ததும் வராமல் நின்றுவிட்டால்? நான் இதை எழுத மறந்துவிட்டேன். கடைசித் தவணையை ஆஃபர் லெட்டர் தேதிக்குக் கொடுக்காதீர்கள். அவர் வேலையில் சேர்ந்த நாளுக்கு என்று எழுதுங்கள். சேர்ந்தவர் இடையில் விலகினால் கட்டணமில்லாமல் மறுபடி தேடித் தரும் காலத்தையும் அந்த நாளிலிருந்தே எண்ண வேண்டும். எங்களுக்கு ஆறு மாதம் சொன்னார்கள், கேட்டதும் 12 ஆக்கினார்கள்.