மலர்ப் பள்ளத்தாக்கில் நடப்பதற்கு முன்

உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்திலுள்ள மலர்ப் பள்ளத்தாக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை மட்டுமே திறந்திருக்கும். அங்கே பூக்கள் நிறையும் காலமும் மழை கொட்டும் காலமும் ஒன்றே என்பதால், பயணத்தை மழையைக் கணக்கில் வைத்துத்தான் திட்டமிட வேண்டும். ஜூனில் ஆங்காங்கே பனி கிடக்கும், பூக்கள் குறைவு. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பள்ளத்தாக்கு நிறைந்திருக்கும். செப்டம்பரில் வானம் தெளிந்துவிடும், ஆனால் செடிகள் விதை பிடித்துப் பழுக்கத் தொடங்கியிருக்கும். பூக்களுக்காகவே செல்பவர்கள் நனையத் துணிந்து செல்வதே சரி.

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வழியாகக் கோவிந்த்காட் வரை சாலைப் பயணம் ஒரு முழுப் பகலை எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மண்சரிவால் இந்தச் சாலை மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் அடைபடுவதுண்டு; ஆகவே திரும்பும் ரயிலுக்கோ விமானத்துக்கோ முன்பாக இரண்டு நாள்களைக் காலியாக விட்டுவையுங்கள். கோவிந்த்காட்டிலிருந்து புல்னா கிராமம் வரை ஜீப் கிடைக்கும். அதன் பிறகு, இரவு தங்கும் ஊரான காங்காரியா வரை சுமார் பத்து கிலோமீட்டர் ஏற்றம். நடக்க இயலாதவர்களுக்குக் கோவேறு கழுதைகள் உண்டு. ஹெலிகாப்டர் வசதியும் இருக்கிறது. ஆனால் மெல்ல நடந்து ஏறும்போது உயரத்துக்குப் பழகிக்கொள்ள உடலுக்குக் கிடைக்கும் அவகாசம் அதில் பறிபோய்விடும் என்பதால், கால்வலி உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த உயரத்தை நம்மவர்கள் குறைத்து மதிப்பிடக் கூடாது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். நீங்கள் இரவு தங்கப்போகும் காங்காரியாவோ ஏறத்தாழ 3,050 மீட்டரில் இருக்கிறது. முதல் நாள் தலைவலியும் தூக்கமின்மையும் வரலாம். அவை குறையாமல் வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால், மேலே ஏறும் எண்ணத்தைக் கைவிட்டு உடனே கீழே இறங்க வேண்டும். உயர நோய்க்கான மாத்திரைகளை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

காங்காரியாவைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும்: இடப்புறம் பள்ளத்தாக்கு, வலப்புறம் 4,300 மீட்டருக்கு மேலுள்ள ஹேம்குண்ட் சாகிப் குருத்வாரா. முதலில் பள்ளத்தாக்கு, மறுநாள் ஹேம்குண்ட் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். அந்தச் செங்குத்தான ஏற்றத்துக்கு முதல் நாள் நடை உங்களைப் பழக்கிவிடும். பிரம்ம கமலத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் ஹேம்குண்ட் பாதையே உகந்தது.

பள்ளத்தாக்குக்குள் இரவு தங்க அனுமதியில்லை, மாலைக்குள் வெளியேறிவிட வேண்டும். ஆகவே அடையாள அட்டையுடன் சோதனைச் சாவடி திறக்கும் நேரத்துக்கே சென்று நுழைவுச்சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். புஷ்பாவதி ஆற்றுப் பாலத்தைக் கடந்தபின் வரும் ஏற்றமே அன்றைய கடினமான பகுதி. அதன் பிறகு பூர்ஜ (பிர்ச்) மரங்களைத் தாண்டி நிலம் விரிந்துவிடும். உள்ளே கடைகள் இல்லை, எனவே காங்காரியாவிலேயே பராத்தா கட்டி வாங்கிக்கொண்டு, குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு பையும் வைத்துக்கொள்ள வேண்டும். நீல பாப்பியைப் பாறை இடுக்குகளில் தேடுங்கள். மேய்ச்சல் தடைசெய்யப்பட்ட பிறகு ஒருவகைப் பாலிகோனம் செடி மற்றவற்றை மறைத்துப் பரவியதால், வனத்துறையினர் அதை வேரோடு பிடுங்கி வருகின்றனர்; ஆட்கள் செடி பிடுங்குவதைக் கண்டு திகைக்க வேண்டாம்.

பூவைப் படமெடுக்கப் பாதையை விட்டு விலகுவது செடிகளுக்குக் கேடு, ஈரப் பாறையில் உங்களுக்கும் ஆபத்து. மலர்களைச் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் 1939இல் இங்கேதான் வழுக்கி விழுந்து இறந்தார். அவருடைய கல்லறை பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது.

பருத்தி உடை நனைந்தால் காயாது. விரைவில் உலரும் செயற்கை இழைத் துணிகளும், முதுகுப்பையையும் சேர்த்து மூடும் மழையங்கியும், ஏற்கெனவே அணிந்து பழகிய பிடிப்புள்ள காலணிகளும் தேவை. கோவிந்த்காட்டிலேயே ஒரு கைத்தடி வாங்கிவிடுங்கள். இறக்கத்தில் முழங்காலைக் காப்பது அதுதான். காங்காரியாவில் கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது என்பதால், தங்கும் செலவுக்கும் உணவுக்கும் வேண்டிய பணத்தை ரொக்கமாக ஜோஷிமட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.